பேராசிரியரின் பூட்ஸ்

இடப்பள்ளியில் மெட்ரோ ரயில் ஏறினால் எர்ணாகுளம் போகும் திசையில் மூன்றாவது நிலையம் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம். 2017-ல் ரயில் வந்த பிறகு, அங்கே ஆட்டம் நடந்த மாலைகளில் பெட்டிகள் முழுக்க கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் பனியன்கள்தான். எதிரணிகளில் கொச்சி ரசிகர்களின் ஆத்திரத்தை அதிகம் கிளறியது கல்கத்தா. 2014, 2016 என்று இரண்டு முறை ஐ.எஸ்.எல். இறுதியாட்டத்தில் கேரளத்தைத் தோற்கடித்தது அந்த ஊர் அணி. இரண்டாவது முறை சொந்த மண்ணிலேயே, பெனால்டி உதைகளில். பிறகு 2020-ல் அந்த அணி மோகன் பகானுடன் கலந்துவிட்டது. அன்று முதல் கொச்சி மைதானம் கூச்சலிட்டது இந்தியக் கால்பந்தின் மிகப் பழைய பெயர்களில் ஒன்றை எதிர்த்து.

வழியில் வரும் சங்கம்புழா பார்க் நிலையம், இடப்பள்ளியில் பிறந்த மலையாளக் கவிஞர் சங்கம்புழா கிருஷ்ண பிள்ளையின் பெயரைத் தாங்கியது. அவர் பிறந்தது 1911 அக்டோபரில். அதற்குச் சுமார் பத்து வாரங்கள் முன்புதான் மோகன் பகான் என்ற பெயர் வங்காளத்தைத் தாண்டி நாடெங்கும் தெரியவந்தது. ஜூலை 29 அன்று, கல்கத்தா மைதானத்தில், கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டை எடுத்துச் சென்ற முதல் இந்திய அணி அது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெறுங்காலுடன் 11 இந்தியர்கள், பூட்ஸ் அணிந்த 11 வெள்ளைச் சிப்பாய்கள், கடைசி நிமிடங்களில் அற்புதம். இந்தச் சித்திரத்தில் ஒரு சின்னப் பிசகு உண்டு. அந்த 11 இந்தியர்களில் ஒருவர் பூட்ஸ் போட்டிருந்தார். அவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். நாடு வெறுங்கால்களை நினைவில் வைத்துக்கொண்டு பேராசிரியரை மறந்தது. இந்தியக் கால்பந்து அதற்குக் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

ஆட்டம் இந்தியர்களிடம் வந்த வழியே பள்ளி, கல்லூரி வாசல் வழிதான். சிப்பாய்களும் மாலுமிகளும் உதைத்ததை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் நிறைய. வேலிக்கு உள்ளே கொண்டு வந்தது ஆசிரியர்கள். கல்கத்தாவில் 1877-ல் ஹேர் பள்ளி மாணவன் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி நண்பர்களிடம் காசு திரட்டிப் பந்து வாங்கப் போனான். கிடைத்தது ரக்பி பந்து. வித்தியாசம் தெரியாமல் அதையே உதைத்துக்கொண்டிருந்த பையன்களுக்குச் சரியான ஆட்டத்தைச் சொல்லித் தந்தவர் பக்கத்தில் இருந்த பிரசிடென்சி கல்லூரியின் பேராசிரியர் ஸ்டாக் என்று கல்கத்தாவின் கால்பந்து வரலாறு தொடங்குகிறது. 1890களில் கல்லூரிகள் தமக்குள் மோதிக்கொள்ள எலியட் ஷீல்டு என்று ஒரு போட்டியே இருந்தது.

தெற்கிலும் இதே கதை. திருவனந்தபுரத்தில் 1890 வாக்கில் மகாராஜா கல்லூரியின் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் மாணவர்களிடம் பந்தைக் கொடுத்ததைக் கேரளக் கால்பந்தின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். கொச்சி சமஸ்தானத்தில் பேராசிரியரின் இடத்தில் ஒரு போலீஸ் அதிகாரி இருந்தார். 1899-ல் திருச்சூரில் தொடங்கிய கிளப்புக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது: ஆர்.பி. ஃபெர்குசன் கிளப்.

எல்லா இடத்திலும் வரவேற்பு ஒரே மாதிரி இருக்கவில்லை. ஸ்ரீநகரில் 1891-ல் பாதிரியார் டின்டேல் பிஸ்கோ தன் மிஷன் பள்ளிக்குக் கால்பந்து கொண்டு வந்தபோது பிராமண மாணவர்கள் தொட மறுத்தார்கள். பந்து தோலால் ஆனது, தோல் தீட்டு. பாதிரியார் பிரம்பைக் காட்டி ஆட வைத்தார். பந்து முகத்தில் பட்ட பையன் அழுதான். அவனை வாய்க்காலுக்கு அழைத்துப்போய்க் கழுவிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். பந்து விஷயத்தில் இருந்த இந்தத் தயக்கம் ஆள் விஷயத்திலும் இருந்தது. சர்வாதிகாரி வளர்ந்து கிளப் நடத்தியபோது, குயவர் மகன் மணி தாஸைச் சேர்க்கக் கூடாது என்று மேல்சாதி உறுப்பினர்கள் போர்க்கொடி தூக்கினார்கள். அவர் கிளப்பையே கலைத்தார். பிறகு உருவான ஷோபாபஜார் கிளப்பில் மணி தாஸுக்கு இடம் இருந்தது. அந்த கிளப்தான் 1892-ல் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் கிழக்கு சர்ரே படைப்பிரிவைத் தோற்கடித்தது. வெள்ளைப் படைவீரர்களை இந்தியர்கள் தோற்கடிப்பது 1911-க்கு 19 வருடங்கள் முன்பே நடந்துவிட்டது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அற்புதம் என்ற சொல் அங்கேயே ஆட்டம் காண்கிறது.

மோகன் பகான் 1889 ஆகஸ்ட் 15 அன்று வடக்குக் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. அதன் பெயர் பக்கத்து மாளிகையின் பெயர். தலைவராக இருந்தவர் வழக்கறிஞர் பூபேந்திரநாத் போஸ். 1914-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இவரே. முதலாண்டு விழாவுக்குப் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் எஃப்.ஜே. ரோவை அழைத்திருந்தார்கள். கிளப்பின் பெயரில் ‘ஸ்போர்ட்டிங்’ என்று இருந்தது. வேட்டையாடுவீர்களா, தூண்டில் போடுவீர்களா என்று கேட்டாராம் பேராசிரியர். இல்லை என்றதும், அப்படியானால் ‘அத்லெடிக்’ என்பதே பொருத்தம் என்றார். பெயர் மாறியது. சொல்லின் பொருளைச் சோதித்துப் பார்க்கும் கல்லூரிப் பழக்கம் கிளப்பின் பிறப்புச் சான்றிதழிலேயே இருக்கிறது.

முதல் பத்து ஆண்டுகளில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1900 வாக்கில் சுபேதார் மேஜர் சைலேன் பாசு செயலாளராக வந்தார். ராணுவத்தில் இருந்தவர். பந்தைக் கொஞ்சிக்கொண்டிருந்த பையன்களை ஓடவும் உடற்பயிற்சி செய்யவும் வைத்தார். வங்காளிகள் மூளைக்காரர்கள், உடம்பில் தெம்பில்லாதவர்கள் என்று மெக்காலே காலத்திலிருந்து ஆங்கிலேயர்கள் எழுதிவந்தார்கள். படித்த வங்காளிகளில் பலர் அதை உள்ளுக்குள் நம்பவும் செய்தார்கள். கீதை படிப்பதைவிடக் கால்பந்து ஆடினால் சொர்க்கத்துக்கு அருகில் போகலாம் என்ற கருத்தை விவேகானந்தர் வெளியிட்டது இந்தக் காலகட்டத்தில்தான். அதுவும் 1897-ல், சென்னைச் சொற்பொழிவு ஒன்றில். சைலேன் பாசு அந்தக் கருத்துக்குக் கால அட்டவணை போட்டுக் கொடுத்தார்.

பலன் மெதுவாக வந்தது. 1904-ல் கூச்பிகார் கோப்பை. 1905-ல் சின்சுராவில் கிளாட்ஸ்டன் கோப்பை இறுதியாட்டத்தில், அந்த வருடம் ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றிருந்த வெள்ளையர் கிளப்பான டல்ஹௌசியை 6-1 என்று நொறுக்கியது. 1906, 1907, 1908 என்று மூன்று வருடம் தொடர்ந்து டிரேட்ஸ் கோப்பை. பிறகுதான் ஷீல்டில் ஆட வாய்ப்பு. 1909-ல் களமிறங்கி கார்டன் ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவிடம் தோற்றது. 1911-ல் ஜெயித்த அணி வானத்திலிருந்து குதித்த அணி அல்ல. தோற்று, திருத்திக்கொண்டு, மறுபடி வந்த அணி.

அந்த 11 பேர் யார்? கோல் கீப்பர் ஹீராலால் முகர்ஜி செங்கல் சூளை நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தற்காப்பில் பூதி சுகுல், சுதிர் சாட்டர்ஜி. அவர்களுக்கு முன்னால் மன்மோகன் முகர்ஜி, ராஜேன் சென்குப்தா, நீலமாதவ் பட்டாச்சார்யா. முன்வரிசையில் கானு ராய், ஹாபுல் சர்க்கார், அபிலாஷ் கோஷ், விஜயதாஸ் பாதுரி, கேப்டன் சிவதாஸ் பாதுரி. வங்காளிகள் வாயில் கடைசி இருவரும் பிஜய்தாஸ், ஷிப்தாஸ், அண்ணன் தம்பிகள். சிவதாஸ் கால்நடை மருத்துவம் படித்து அரசு வேலையில் இருந்தவர். ராஜேனும் அபிலாஷும் ஸ்காட்டிஷ் சர்ச்சஸ் கல்லூரி மாணவர்கள். சுதிர் சாட்டர்ஜி பவானிப்பூரில் லண்டன் மிஷன் கல்லூரியில் பாடம் நடத்தியவர். கிறிஸ்தவர். ரெவரெண்ட் சுதிர் சாட்டர்ஜி என்றே வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது. பூட்ஸ் போட்ட ஆள் இவர்தான்.

இது கல்லூரி அணி அல்ல. ஆனால் கல்லூரி இல்லாமல் இப்படி ஓர் அணி சேர்ந்திருக்காது. பகலில் வகுப்பு, மாலையில் மைதானம், மாதச் சம்பளத்துக்கு அலுவலகம் என்று ஒரு வாழ்க்கைமுறை அப்போது புதிதாக உருவாகியிருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு இளைஞனுக்குச் சும்மா இருக்க முடிந்தது என்பதே பெரிய சொத்து. வயலில் வேலை செய்தவனுக்கு அது கிடைக்கவில்லை. வெறுங்கால் என்றதும் ஏழைகளின் அணி என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் படித்த நடுத்தர வர்க்கத்து ஆட்கள்தான். இறக்குமதி பூட்ஸின் விலை ஒரு காரணம். சிறுவயதிலிருந்து வெறுங்காலில் ஆடிய பழக்கம் இன்னொன்று. விரல்களால் பந்தைத் தொட்டுத் தடவி நகர்த்துவதில் அவர்களுக்கு ஒரு நுணுக்கம் கைவந்திருந்தது. காய்ந்த தரையில் அது வரம். மழைக்காலச் சேற்றில் சாபம். கல்கத்தாவின் கால்பந்து சீசனோ மழைக்காலத்தில்தான் வருகிறது.

சீசனின் அந்த மூன்று வாரங்கள் ஜூலை 10 அன்று தொடங்கின. முதல் எதிரி ஒரு கல்லூரி அணி. ஜேசுசபையினரின் செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியை மோகன் பகான் 3-0 என்று தாண்டியது. இதைச் செய்தித்தாள்கள் பெரிதுபடுத்தவில்லை. ஜூலை 14 அன்று ரேஞ்சர்ஸ் கிளப், 2-1. 19 அன்று ரைஃபிள் பிரிகேட், 1-0. இப்போது ஊர் நிமிர்ந்து உட்கார்ந்தது. அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவு. 24 அன்று 1-1 என்று சமன். இரண்டு நாள் கழித்து மறு ஆட்டம். மோகன் பகான் 3-0. இறுதியாட்டத்துக்கு இடையில் மூன்றே நாள்.

ஊரின் மனநிலையைப் புரிந்துகொள்ள நாட்டின் மனநிலையைப் பார்க்க வேண்டும். 1905-ல் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாக வெட்டினார். சுதேசி இயக்கம், அந்நியத் துணி எரிப்பு, வெடிகுண்டு, தூக்குமேடை என்று ஆறு வருடங்கள் ஓடியிருந்தன. தெற்கும் அமைதியாக இல்லை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டான். அதற்குச் சரியாக 6 வாரம் கழித்து இந்த இறுதியாட்டம். மணியாச்சியில் நடந்ததைப் பற்றி வெளிப்படையாகப் பெருமூச்சுவிடக்கூட முடியாது. மைதானத்தில் மட்டும் ஒரு இந்தியன் வெள்ளைச் சிப்பாயின் தோளில் தோள் மோதி, பந்தைப் பறித்து, அதற்காகக் கைதட்டலும் வாங்க முடியும். விதிகள் இரு தரப்புக்கும் ஒன்று. அரசாங்கத்தில் வேறு எங்குமே அப்படி இல்லை.

இன்னொன்றும் உண்டு. அணியில் பலர் கிழக்கு வங்காளத்திலிருந்து கல்கத்தாவுக்குப் படிக்கவும் பிழைக்கவும் வந்தவர்கள். கர்சன் வரைபடத்தில் போட்ட கோட்டின் இரு பக்கத்து ஆட்களும் ஒரே பனியனில் ஆடினார்கள்.

ஜூலை 29 சனிக்கிழமை. பர்த்வானிலிருந்து தனி ரயில் விட்டார்கள். ஆற்றில் கூடுதல் படகுகள் ஓடின. கூட்டத்தை 60,000 முதல் 80,000 வரை மதிப்பிட்டார்கள். கல்கத்தா ஃபுட்பால் கிளப் மைதானத்தில் அத்தனை பேருக்கு ஏது இடம்? மரங்களில் ஏறினார்கள். எதையும் பார்க்க முடியாமல் பின்னால் நின்றவர்களுக்காகக் கோல் விழுந்தால் பட்டம் விட்டுத் தெரிவிக்க ஏற்பாடு. வானொலிக்கு முந்தைய காலத்தின் நேர்முக வர்ணனை அது.

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் கிழக்கு யார்க்‌ஷயரின் சார்ஜென்ட் ஜாக்சன் ஃப்ரீ கிக்கில் கோல் போட்டார். ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கும்போது சிவதாஸ் பாதுரி சமன் செய்தார். அதோடு ஆட்டம் ஓயும் என்று பலரும் நினைத்திருக்கும்போது சிவதாஸ் மறுபடி இடது பக்கம் புகுந்தார். தானே உதைத்திருக்கலாம். பந்தை அபிலாஷ் கோஷிடம் தள்ளினார். கல்லூரி மாணவன் அதை வலைக்குள் அனுப்பினான். 2-1.

அன்றிரவு நடந்த ஊர்வலத்தை விவரிக்கத் தனிப் பத்தி வேண்டும். இந்துக்களின் கிளப் என்று முஸ்லிம்கள் ஒதுங்கவில்லை. முஸ்லிம் பத்திரிகைகளும் தம் வெற்றியாகவே எழுதின. ராய்ட்டர் செய்தி லண்டனுக்குப் போனது. கல்கத்தாவின் ஆங்கிலேயப் பத்திரிகைகள் பெருந்தன்மையாகப் பாராட்டின. ஊர்வலத்தின்போது ஒரு முதியவர் வில்லியம் கோட்டையின் மேல் பறந்த யூனியன் ஜாக்கைக் காட்டி, அது எப்போது இறங்கும் என்று வீரர்களைக் கேட்டார் என்றும், அடுத்த முறை மோகன் பகான் ஷீல்டை வெல்லும்போது என்று பதில் வந்தது என்றும் ஒரு கதை உண்டு. மோகன் பகான் அடுத்து ஷீல்டை வென்றது 1947-ல். கதை பிற்பாடு தைக்கப்பட்டதாகவே இருக்கலாம், தையல் நேர்த்தியானது. அதே 1911 டிசம்பரில் வங்கப் பிரிவினை ரத்தானதையும் தலைநகரம் டெல்லிக்குப் போனதையும் இந்த கோலோடு முடிச்சுப் போடும் ரசிகர்களும் உண்டு. அதற்குச் சான்று கிடையாது.

ஆளப்படுபவர்கள் ஆளுபவர்களின் ஆட்டத்தில் அவர்களையே வெல்வது அந்தக் காலத்தில் கல்கத்தாவில் மட்டும் நடக்கவில்லை. அமெரிக்காவில் கால்பந்து என்பது பந்தைக் கையில் பிடித்து முட்டி மோதி ஓடும் வேறு ஆட்டம். அங்கே பென்சில்வேனியாவில், செவ்விந்தியப் பிள்ளைகளை அவர்களுடைய மொழியிலிருந்தும் குடும்பத்திலிருந்தும் பிரித்து ‘நாகரிகப்படுத்த’ 1879-ல் தொடங்கிய கார்லைல் பள்ளிக்கு ஒரு டீம் இருந்தது. 1912 நவம்பரில் அந்த டீம் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியை 27-6 என்று வென்றது. செவ்விந்தியர் பக்கம் ஜிம் தார்ப். அந்த வருடம்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றவர். ராணுவக் கல்லூரி பக்கம் பிற்கால ஜனாதிபதி ஐசனோவர். கார்லைல் வெற்றியையும் அமெரிக்கப் பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் அடுத்த வருடமே, முன்பு காசு வாங்கி பேஸ்பால் ஆடினார் என்று சொல்லித் தார்ப்பின் பதக்கங்களைப் பறித்தார்கள். பள்ளி 1918-ல் மூடப்பட்டது. வென்றவர்களைப் பாராட்டுவதற்குச் செலவில்லை. அவர்களுக்கு இடம் கொடுப்பதற்குத்தான் செலவு.

கல்கத்தாவிலும் அதே கதை. 1898-ல் தொடங்கிய கல்கத்தா லீக் போட்டியில் இந்தியக் கிளப்புகளுக்கு இடமில்லை. ஷீல்டை வென்ற மோகன் பகானுக்கு அதில் நுழைய மூன்று வருடம் பிடித்தது. 1914-ல், அதுவும் இரண்டாம் டிவிஷனில். அடுத்த ஆண்டு முதல் டிவிஷனுக்கு உயர்ந்தது. அங்கும் இத்தனை இந்தியக் கிளப்புகளுக்கு மேல் கூடாது என்று நெடுங்காலம் கட்டுப்பாடு இருந்தது.

இது வெளியிலிருந்து வந்த தடை. உள்ளிருந்து வந்த தடை இன்னும் கெட்டியானது. 1911 வெற்றியிலிருந்து நாடு எடுத்துக்கொண்ட பாடம் ‘வெறுங்கால் போதும்’ என்பது. இயலாமையாலும் பழக்கத்தாலும் வந்த ஒன்று தேசிய குணமாக மாறியது. பூட்ஸ் அந்நியத் துணி மாதிரி ஆயிற்று. சைலேன் பாசுவின் பயிற்சி, 1909-ன் தோல்வி, பத்து வருட உழைப்பு, சேற்றில் நிற்கத் தெரிந்த பேராசிரியர் எல்லாம் சித்திரத்திலிருந்து நழுவின. மிஞ்சியது அற்புதம். அற்புதத்தைப் பூஜிக்கலாம், பயிற்சிக்கு வைத்துக்கொள்ள முடியாது. மோகன் பகானுக்குப் பின் இன்னொரு இந்தியக் கிளப் ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வெல்ல 25 வருடங்கள் ஆயின.

1936-ல் வென்ற அந்தக் கிளப் முகமதன் ஸ்போர்ட்டிங். 1934-லேயே கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்தியக் கிளப் ஆகி, 1938 வரை ஐந்து வருடம் தொடர்ந்து அதைக் கைவிடாமல் வைத்திருந்தது. அவர்கள் செய்ததில் மந்திரம் எதுவுமில்லை. பெங்களூர் உட்பட நாட்டின் பல மூலைகளிலிருந்து ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்தார்கள். மழை பெய்தால் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். சுதிர் சாட்டர்ஜி 1911-ல் தனியாகச் செய்ததை 11 பேரும் செய்தார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பாடமும் நாடு முழுவதும் பரவவில்லை. 1948 ஜூலை 31 அன்று லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் அணி பிரான்சைச் சந்தித்தபோது பெரும்பாலோர் வெறுங்கால்தான். கேப்டன் டி. ஆவ் ஒரு நாகா. கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டே மோகன் பகானுக்கு ஆடியவர். திருவல்லாவிலிருந்து பாப்பன் அணியில் இருந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலைப் போட்டவர் பெங்களூர் சாரங்கபாணி ராமன். இந்தியா இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 1-2 என்று கடைசி நிமிடங்களில் தோற்றது. லண்டன் கைதட்டியது. பாராட்டு கிடைத்த தோல்வி என்பதால் பாடம் மறுபடி தள்ளிப்போனது.

1950 உலகக் கோப்பைக்குப் பிரேசில் போக இந்தியாவுக்கு வாய்ப்பு இருந்தது, போகவில்லை. வெறுங்காலில் ஆட ஃபிஃபா விடவில்லை என்று பல தலைமுறைகளாகச் சொல்லி வந்தார்கள். அன்றைய முன்னணி வீரர், மோகன் பகானின் சைலேன் மன்னா பிற்காலத்தில் இதை மறுத்தார். ஒலிம்பிக்தான் பெரிது என்று நினைத்த நிர்வாகம் உலகக் கோப்பையைப் பொருட்படுத்தவில்லை. தலைமை செய்த தவறுக்குக்கூட வெறுங்கால் சாக்காக உதவியிருக்கிறது.

1952-ல் சாக்கு தீர்ந்தது. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குளிரில் வெறுங்காலோடு யூகோஸ்லாவியாவை எதிர்கொண்டு 1-10 என்று தோற்றுத் திரும்பினார்கள். அதன் பிறகுதான் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. நான்கே வருடத்தில், மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா அரையிறுதி வரை போய் நான்காவது இடம் பெற்றது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம். பயிற்சியாளர் ரஹீம் தொழிலால் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆசிரியர்கள் இந்தக் கதையை விட்டு நெடுந்தூரம் போவதே இல்லை.

கொச்சிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் டிராபியை வென்றது 1973 டிசம்பரில். கேப்டன் டி.கே.எஸ். மணி மூன்று கோல் போட்டு ரயில்வேயை 3-2 என்று வீழ்த்திய அந்த இறுதியாட்டம் நடந்த இடம், எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானம். மாநிலத்தின் மிகப் பெரிய கால்பந்து நாளுக்கு அன்று ஒரு கல்லூரியின் புல்தரைதான் இடம் கொடுத்தது. கல்லூர் ஸ்டேடியம் வந்தது 1996-ல், பிறகு ஐ.எஸ்.எல்., அகாடமி, வெளிநாட்டுப் பயிற்சியாளர். இவை எல்லாம் தேவைதான். ஆனால் படித்துக்கொண்டே ஆடலாம், ஆடிக்கொண்டே படிக்கலாம் என்று இருந்த பழைய வழி இதற்கிடையே குறுகிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கும் நுழைவுத் தேர்வுக்கும் நடுவில் சாயங்காலம் ஐந்து மணி காணாமல் போயிருக்கிறது. பையன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலான பெற்றோர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஜூலை 29 இப்போது மோகன் பகான் தினம். அமர 11 பேருக்கு மாலை விழுகிறது. சந்தேகமில்லாமல் அவர்களுக்கு உரிய மரியாதை. ஆனால் அந்த 11 பேர் கேட்டிருக்கக்கூடியது மாலையைவிட எளிமையானது: சாயங்காலம் ஒரு மைதானம், ஓடச் சொல்லும் ஒரு சுபேதார், தோற்ற வருடத்துக்கு அடுத்த வருடமும் வாய்ப்பு. ஈரத் தரையில் ஆட வேண்டியவர்களுக்கு, பேராசிரியர் போட்டிருந்த மாதிரி ஒரு ஜோடி பூட்ஸ்.